மூன்று கண் மீனுக்கு அடுத்த நிறுத்தம்

எங்கள் அண்ணி ஒரு பயந்தாங்கொள்ளி. இதை அவள் முகத்துக்கு நேராகவே நூறு தடவை சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்ல வாய் வருவதில்லை. அவள் பயந்ததெல்லாம் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். அது ஒரு நாள் நடந்தது. நடந்தது என் கையால்.

அண்ணி திரைச்சீலை தைப்பவள். வீட்டு ஜன்னல், ஆஸ்பத்திரிக் கட்டில், கல்யாண மேடை, எதற்குத் திரை வேண்டுமானாலும் அளவெடுத்துத் தைத்துக் கொடுப்பாள். மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. முன்னறை முழுவதையும் துணி வெட்டும் மேஜை அடைத்துக்கொண்டிருக்கும். வீட்டுக்குள் வருகிறவர்கள் அதை ஒட்டிப் பக்கவாட்டில்தான் நடந்து போக வேண்டும். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். பாதி நாள் ஏதாவது ஒரு கட்டிடத்தின் குழிக்குள் இருப்பான், போன் அடித்தால் எடுக்க மாட்டான். அவன் தங்கை நான், கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறேன். அதனால் அண்ணன் என்னைக் 'கண்ணாடி' என்றுதான் கூப்பிடுவான், அண்ணியும் அதையே பிடித்துக்கொண்டாள். கல்யாணப் பேச்சை யாரையும் எடுக்க விடாததால் நான் அவர்களோடேயே இருக்கிறேன். அப்புறம் வாண்டு.

வாண்டு என்பது அண்ணனின் ஒரே மகள். வயது ஆறு. வீட்டுக்குள் இருக்கும்வரை வாய் ஓயாது. தூங்கும்போதுகூட யாரையாவது அதட்டிக்கொண்டிருப்பாள். வாசற்படியைத் தாண்டினால் வாய்க்குப் பூட்டு. பக்கத்து வீட்டுக்காரி பெயர் கேட்டால் அண்ணியின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். பள்ளிக்கூடத்தில் ஐந்து மாதம் படித்தாள். அந்த ஐந்து மாதத்தில் டீச்சர் அவள் குரலைக் கேட்டதே இல்லை. ஒரு நாள் பாத்ரூம் போகணும் என்று கேட்க வாய் வராமல், ஈரப் பாவாடையோடு மத்தியானம் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அண்ணி போய்க் கூட்டி வந்தபோது குழந்தையின் உடம்பு நெருப்பாகக் கொதித்தது. மறுநாளே பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டாள். கல்வி அலுவலகத்துக்கு நாலு நடை நடந்து, வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுக்க அனுமதிக் கடிதமும் வாங்கி வந்துவிட்டாள்.

டாக்டர் காதைப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார். "ஒண்ணும் இல்லம்மா. பேசுவா. அவசரப்படுத்தாதீங்க" என்றார். அண்ணிக்கு அது போதவில்லை.

"நாளைக்கு எங்கேயாவது தொலைஞ்சு போனா என்ன பண்றது? இவளால பேரைக்கூட சொல்ல முடியாதே. யார் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனாலும், 'இது எங்க அப்பா இல்ல'ன்னு சொல்லக்கூட வாய் வராதே."

"ஆமா, தொலைஞ்சு போறதுக்குன்னே வரிசையில நிக்கிறா பாருங்க. நீங்க கூண்டுல வெச்சுத்தானே வளர்க்கிறீங்க, எப்படித் தொலைவா?" என்பேன் நான்.

அண்ணி ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு தைக்க ஆரம்பித்துவிடுவாள். கடைக்குப் போனால் குழந்தையின் மணிக்கட்டைத்தான் பிடிப்பாள், விரலைப் பிடிக்க மாட்டாள். விரல் வழுக்குமாம். ராத்திரியில் இரண்டு தடவை எழுந்து கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பாள். பயம் பிடித்த ஆளோடு ஒரே வீட்டில் இருப்பது லேசில்லை. எரிச்சல் வரும். எனக்கு வந்தது.

வாண்டுக்கு ஒரு கார்ட்டூன் என்றால் உயிர். கடலுக்கு அடியில் ஓடும் ஒரு பஸ், அதை ஓட்டுவது ஒரு நண்டு. பத்துக்காலன் என்று பெயர். எட்டுக் காலால் கியர், பிரேக், ஹாரன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, மிச்சம் இரண்டு கொடுக்கால் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கும். நண்டு என்பதால் பஸ்ஸும் பக்கவாட்டில்தான் போகும். எங்கள் வீட்டு முன்னறையில் நாங்கள் போவது மாதிரியே. ஒவ்வொரு கதையிலும் வழி தெரியாத பிராணி ஏதாவது ஏறும். "நிறுத்தம் சொன்னாத்தான் வண்டி நகரும்!" என்று பத்துக்காலன் கத்தும். அந்தப் பிராணி தன் வீடு வரைக்கும் எல்லா நிறுத்தத்தையும் வரிசையாகச் சொல்ல வேண்டும். ஒன்றை விட்டாலும் வண்டி அசையாது.

அண்ணி அதைப் பிடித்துக்கொண்டாள். அவள் எட்டாவதுக்கு மேல் படிக்காதவள், பாடப் புத்தகத்தைப் பார்த்தாலே அவளுக்கு வேர்க்கும். ஆனால் இந்த நண்டை வைத்துக்கொண்டு அவள் செய்தது ஒரு பள்ளிக்கூடம் செய்கிற வேலை. அதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். திரைக்கு உள்பக்கம் போடும் வெள்ளைத் துணியில் பட்டை பட்டையாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்தைத் தைத்து, நிறுத்தப் பலகை என்று சுவரில் குத்தினாள். பத்துக்காலனைப் பார்த்தே வாண்டு பத்துப் பத்தாக நூறு வரைக்கும் எண்ணினாள். ஏழு மீன் ஏறி, மூன்று மீன் இறங்கினால் கழித்தல். அளவு நாடாவை மேஜையின் நீளத்துக்குப் போட்டு, "சுறா இதுல எத்தனை தடவை படுக்கும்?" என்றால் வகுத்தல். தையல் மெஷினின் சத்தத்துக்கு நடுவே இரண்டு பேரும் கத்திக்கொண்டிருப்பார்கள். மூன்றே மாதத்தில் குழந்தை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். அண்ணியின் பயம் விடவில்லை. விலாசத்தையும் அதிலேயே சொல்லிக்கொடுத்தாள்.

வீட்டு எண், தெருப் பெயர் என்று சொன்னால் வாண்டு நாலே நிமிஷத்தில் மறந்துவிடுவாள். நிறுத்தம் என்றால் மறக்கவே மாட்டாள். அதனால் பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் வீடு வரைக்கும் இருந்ததை எல்லாம் அண்ணி கடலுக்குள் இறக்கிவிட்டாள். பெரிய தண்ணீர்த் தொட்டி, திமிங்கிலம். சிக்னல், மூன்று கண் மீன். ஆவி பறக்கும் சலவைக் கடை, சுடுநீர் ஊற்று. பல் டாக்டர் வீடு, சுறாப்பல் வைத்தியர். எங்கள் கட்டிடம், சங்குக் கூடு. படிக்கட்டில் மூன்றாவது வளைவில் திரும்பினால் நாங்கள். வாண்டுக்கு அந்த வண்டியில் ஒரு வேலையும் பெயரும் உண்டு. உதவி டிரைவர் சிப்பி. அண்ணி கண்டக்டர், அவள் பெயர் பலூன்மீன். அண்ணன் வாள்மீன், வண்டி ரிப்பேர் பார்க்கும் மெக்கானிக்.

"அத்தை, நீங்க என்ன மீன்?" என்று வாண்டு என்னிடம் ஒரு தடவை கேட்டாள்.

நான் அப்போதுதான் பத்து மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்திருந்தேன். "நான் மனுஷி. என்னை விட்டுடு" என்றேன். மறுபடி அவள் கேட்கவில்லை.

அந்த நாள் எனக்கு விடுமுறை. அண்ணிக்கு ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து முப்பத்திரண்டு கட்டில் திரை ஆர்டர், மறுநாள் கொடுத்தாக வேண்டும். உள்துணி தீர்ந்துவிட்டது. துணி மார்க்கெட்டுக்கு நான் போகிறேன் என்றேன். வாண்டும் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"அவ வேண்டாம். நீ மட்டும் போ" என்றாள் அண்ணி.

"ஏன், நான் என்ன பிள்ளை பிடிக்கிறவளா? ஒரு நாளாவது அவளும் நாலு மனுஷங்களைப் பார்க்கட்டும் அண்ணி. நீங்க பயந்து பயந்துதான் அவ வாய் திறக்கல."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அண்ணியின் முகம் சுண்டிப்போனது. மெஷினை நிறுத்தி, எழுந்து வந்து, குழந்தையின் மணிக்கட்டை எடுத்து என் கையில் வைத்தாள். "இப்படிப் பிடி. விட்டுடாதே" என்றாள். அவ்வளவுதான்.

துணி மார்க்கெட் ஐந்து மாடிக் கட்டிடம். இரண்டு பக்கமும் வாசல். மாடிக்கு நூறு கடை, கடைக்கு நூறு துணி உருளை. நாலாவது மாடியில் அண்ணி சொன்ன கடையில் துணியை விரித்துக் காட்டினார்கள். கொண்டுபோன மாதிரித் துண்டோடு வைத்து நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்க்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. மணிக்கட்டை விட்டேன். ஒரு நிமிஷம். சத்தியமாக ஒரு நிமிஷம்தான். திரும்பிப் பார்த்தால் வாண்டு இல்லை.

முதலில் கோபம்தான் வந்தது. "வாண்டு! விளையாடாதே, வா வெளியே!" என்று துணி உருளைகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். பக்கத்துக் கடை, எதிர்க் கடை, படிக்கட்டு. அப்புறம்தான் உறைத்தது. கூப்பிட்டாலும் அவள் பதில் சொல்ல மாட்டாளே! வெளி ஆட்கள் இருக்கிற இடத்தில் என் குரலுக்குக்கூட 'உம்' கொட்ட மாட்டாளே! யாராவது கையைப் பிடித்து இழுத்தால் சத்தம்கூட வராதே! அண்ணி ஒரு வருஷமாகச் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அந்த நாலாவது மாடியில் என் காதுக்குள் கத்தியது. மூன்றாவது மாடிக்கு ஓடினேன், இரண்டாவது மாடிக்கு ஓடினேன்.

கடைக்காரர் ஒருவர், "என்னம்மா, என்ன தேடறீங்க?" என்றார்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

ஆமாம், அப்படித்தான் சொன்னேன். குழந்தையைத் தொலைத்துவிட்டேன் என்று சொல்ல வெட்கம். இதோ கிடைத்துவிடுவாள், யாருக்கும் தெரியாமல் கூட்டிப் போய்விடலாம் என்ற நப்பாசை. அந்த வெட்கத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அப்போதுதான் கூரையிலிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. "சிப்பி என்ற பெண் குழந்தை கிழக்கு வாசலில் இருக்கிறது. தந்தை பெயர் வாள்மீன்... வாள்... மெக்கானிக். உடனே வரவும்."

நான் நின்று கேட்டேன். முழுவதும் கேட்டேன். யாரோ சிப்பியாம், யாரோ வாளாம். வேறு யார் வீட்டுக் குழந்தையோ தன் பெயரையும் அப்பா பெயரையும் கணீரென்று சொல்லியிருக்கிறது. எங்களுடையது வாயைத் திறக்காத ஜென்மம், அது எப்படி இதுவாக இருக்கும்? பெற்றவள் புண்ணியம் செய்தவள் என்று நினைத்துக்கொண்டு, மேற்கு வாசல் பக்கம் ஓடினேன். கால் மணி நேரம் கழித்து மறுபடியும் அதே அறிவிப்பு வந்தது. இந்தத் தடவை எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

தெருவில் ஓடினேன். பஸ்களின் சக்கரங்களைப் பார்த்துப் பார்த்து ஓடினேன். ஒரு லாரி பிரேக் போட்ட சத்தத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முக்கால் மணி நேரம் ஆன பிறகுதான் அண்ணிக்குப் போன் செய்தேன்.

"அண்ணி..." என்றேன்.

அந்தப் பக்கம் மெஷின் சத்தம் நின்றது. "எங்கே இருக்கே?" என்றாள்.

இருபது நிமிஷத்தில் வந்துவிட்டாள். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது, காலில் செருப்பு இல்லை. நான் அழுதேன், அவள் அழவில்லை. "எங்கே சொல்லி வெச்சிருக்கே?" என்றாள். யாரிடமும் சொல்லவில்லை என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மைக் இருக்கும் கிழக்கு வாசலுக்கு ஓடினாள், நான் பின்னால் ஓடினேன்.

கிழக்கு வாசலில் ஒரு மேஜை, ஒரு மைக், ஒரு செக்யூரிட்டி. அண்ணி வாண்டுவின் உண்மையான பெயரைச் சொன்னாள், வயதைச் சொன்னாள், மஞ்சள் சட்டை என்றாள். செக்யூரிட்டி நோட்டைப் புரட்டினார்.

"அந்தப் பேர்ல யாரும் இல்லம்மா. நான் இப்பத்தான் டூட்டி மாத்தினேன். காலை ஷிஃப்ட் ஆளு ஒரு குழந்தையை எழுதி வெச்சிருக்காரு. ஆனா அது சிப்பின்னு ஒரு பொண்ணு. அப்பா பேரு வாள்மீனாம். என்ன பேரோ! விலாசம் திமிங்கிலத்தைத் தாண்டி மூணு கண் மீனாம். புத்தி சுவாதீனம் இல்லாத குழந்தை போல. பாவம்."

அண்ணி மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அது என் பொண்ணு" என்றாள். மறுபடியும் கத்தினாள். "அது என் பொண்ணுய்யா! எங்கே அவ?"

"இருங்கம்மா. இப்பத்தானே வேற பேர் சொன்னீங்க?"

"அவ வாயைத் திறந்து பேசினாளா? உங்க ஆளுகிட்டயா பேசினா?"

"பேசினாளாவா! அரை மணி நேரம் நிறுத்தாம அதையே சொல்லிட்டிருந்தாளாம். மூணு தடவை மைக்ல கூப்பிட்டிருக்காரு. யாரும் வரல. அப்புறம் லேடி போலீஸ் வந்து ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

அண்ணி என் பக்கம் திரும்பினாள். "மைக்ல கூப்பிட்டிருக்காங்களே. நீ கேக்கலையா?"

"கேக்கல" என்றேன்.

பொய். நாக்கு தானாகச் சொன்ன பொய். அண்ணி அதற்கு மேல் நிற்கவில்லை.

ஸ்டேஷன் எட்டுத் தெரு தள்ளி இருந்தது. ஆட்டோவில் அண்ணி அளவு நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டே வந்தாள். "உண்மையிலேயே லேடி போலீஸ்தானா? யூனிஃபார்ம் போட்டிருந்தா போதுமா? யார் வேணா போட்டுக்கலாமே" என்றாள். ஒவ்வொரு சிக்னலிலும் சிவப்பு விழுந்தது.

உள்ளே நுழைந்ததும் முதலில் கேட்டது குரல்தான். எங்கள் வீட்டு முன்னறையில் கேட்கிற அதே குரல், அதே அதட்டல். "இல்ல, இல்ல! சுடுநீர் ஊற்றுக்கு முன்னாடி மூணு கண் மீன் வரும்! நீங்க தப்பு தப்பா எழுதறீங்க!"

அண்ணி குரல் வந்த அறைப் பக்கம் ஓடினாள்.

ஆனால் குழந்தையை உடனே தரவில்லை. அந்த லேடி போலீஸ் வயதானவர், மூக்குக் கண்ணாடி நழுவி நழுவி விழுந்தது. வாண்டுவை உள்ளறையில் உட்கார வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்தார்.

"கோச்சுக்காதீங்கம்மா. கூட யார் வந்தாங்கன்னு கேட்டேன், யாரும் இல்லேன்னு சொல்றா. பேரும் நீங்க சொல்றது ஒண்ணு, அவ சொல்றது ஒண்ணு. எந்த ஸ்கூல்னு கேட்டா பஸ்ஸுங்கறா. நான் எப்படி நம்பிக் குடுக்கறது? நாளைக்கு வேற யாராவது வந்து என் குழந்தைன்னா?"

நியாயம்தான்.

"அவ சொன்னதை நான் சொல்றேன். நீங்க எழுதி வெச்சதோட ஒத்துப் பாருங்க" என்றாள் அண்ணி. கண்ணை மூடிக்கொண்டாள். "பஸ் ஸ்டாண்ட்ல ஏறணும். முதல் நிறுத்தம் திமிங்கிலம். அடுத்தது மூணு கண் மீன். மூணாவது சுடுநீர் ஊற்று. நாலாவது சுறாப்பல் வைத்தியர். அஞ்சாவது சங்குக் கூடு. மூணாவது வளைவுல இறங்கணும். கதவை ரெண்டு தடவை தட்டணும், அப்புறம் ஒரு தடவை. கண்டக்டர் பலூன்மீன் திறப்பாங்க."

லேடி போலீஸ் காகிதத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். இரண்டு பக்கம் எழுதியிருந்தார். ஓர் இடத்தில்கூட விரல் நிற்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க?"

"குழந்தைக்கு அத்தை. அதே வீட்லதான் இருக்கேன்."

"அப்ப நீங்களும் ஒரு தடவை சொல்லுங்க. ரெண்டு பேர் சொன்னா எனக்கும் திருப்தி."

"திமிங்கிலம்" என்றேன். அண்ணி சொல்லி முழுசாக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "அப்புறம்... வைத்தியர்..."

"மூணு கண் மீனுக்கு அடுத்த நிறுத்தம் என்ன?" என்று அவர் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. ஒரு வருஷமாக என் காது கிழியக் கேட்ட பாடம். ஒரு வார்த்தை தெரியவில்லை.

"அதே வீட்லயா இருக்கீங்க?" என்றார் அவர். கேலியாகக் கேட்கவில்லை, சும்மாதான் கேட்டார். அதுதான் தைத்தது.

கதவைத் திறந்தார்கள். வாண்டு பெரிய நாற்காலியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். அண்ணியைப் பார்த்ததும் கோபமாக, "ஏன் இவ்வளவு லேட்டு? நான் எல்லா நிறுத்தமும் கரெக்டா சொன்னேன். யாருமே வண்டியை எடுக்கல" என்றாள். அதைச் சொன்ன பிறகுதான் உதடு பிதுங்கியது. அண்ணி அவளை வாரியெடுத்து, முதுகு, கை, கால், தலை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். அதன் பிறகுதான் அழுதாள்.

கையெழுத்துப் போடும்போது அந்தக் காகிதத்தை நான் படித்தேன். கேள்வியும் பதிலுமாக எழுதியிருந்தது. கூட வந்தது யார்? யாரும் இல்லை. அத்தை, சித்தி யாராவது வீட்டில் உண்டா? அத்தை உண்டு. அவர் பெயர் என்ன? தெரியாது, அவர் வண்டியில் இல்லை.

வீட்டுக்கு வந்தோம். அண்ணன் ஒரு கட்டிடக் குழியிலிருந்து வெளியே வந்து, பதினேழு தவறிய அழைப்புகளைப் பார்த்துவிட்டு, கையில் கிரீஸோடு ஓடி வந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தலையில் கை வைத்து உட்கார்ந்தான். "இனிமே அந்த நண்டுப் பேச்சே இந்த வீட்ல கூடாது. ஒழுங்கா வீட்டு நம்பர், தெருப் பேர் சொல்லிக்குடு" என்றான். அண்ணி சுவரில் இருந்த துணிப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

மறுநாள் காலையிலேயே வாண்டு வீட்டு எண்ணைச் சொன்னாள், தெருவைச் சொன்னாள், அப்பாவின் உண்மையான பெயரைச் சொன்னாள். கெட்டிக்காரி, ஒரு தப்பு இல்லை. அண்ணி அவளைக் கீழே சலவைக் கடைக்குக் கூட்டிப் போனாள், நானும் போனேன். "உன் பேர் என்ன பாப்பா?" என்று சலவைக்காரர் கேட்டார். வாண்டு அண்ணியின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பல் டாக்டர் வீட்டு வாசலில் கேட்டார்கள். புடவைதான். மறுநாளும் அதேதான், அதற்கு மறுநாளும் அதேதான். சிப்பிக்குத்தான் வாய் இருந்தது. வாண்டுக்கு இல்லை.

நாலாவது நாள் மத்தியானம் வாண்டு உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். நான் கடைக்குப் போகவில்லை. அண்ணி மேஜையில் பெரிய பெரிய காகிதங்களை விரித்து எழுதிக்கொண்டிருந்தாள். பத்துப் பன்னிரண்டு பிரதி இருக்கும். திமிங்கிலம் என்றால் இந்தத் தண்ணீர்த் தொட்டி. வாள்மீன் என்றால் இன்னார், இன்ன போன் எண். சிப்பி என்று ஒரு குழந்தை சொன்னால் அது இந்தக் குழந்தை. மார்க்கெட்டின் இரண்டு வாசலுக்கு, ஸ்டேஷனுக்கு, பஸ் ஸ்டாண்டுக்கு, ஆஸ்பத்திரிக்கு.

"அண்ணன் கூடாதுன்னு சொன்னானே" என்றேன்.

"உங்க அண்ணன் லிஃப்டைப் பார்க்கட்டும்" என்றாள் தலை நிமிராமல். "அவளை மாத்த எனக்கு எவ்வளவு நாள் ஆகுமோ தெரியாது. அதுக்குள்ள இந்த ஊரை மாத்திடறேன்."

ஒரு காகிதத்தைச் சுருட்டி என்னிடம் நீட்டினாள். "இதை உங்க கடையில ஒட்டு."

நான் வாங்கவில்லை. கை வரவில்லை. நாலு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, தூங்கவில்லை. எந்த நேரமும் அண்ணி கேட்டுவிடுவாளோ என்ற பயம். கேட்காமலே இருந்துவிடுவாளோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"கேட்டேன் அண்ணி" என்றேன். "அன்னைக்கு மைக்ல சொன்னதை நான் கேட்டேன். ரெண்டு தடவை கேட்டேன். நம்ம வாண்டுன்னு எனக்குத் தெரியல."

மேஜைமேல் பேனா நின்றது. தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. கத்துவாள், அறைவாள், வீட்டை விட்டுப் போ என்பாள், எதற்கும் தயாராக நின்றேன். அண்ணி பேனாவை மூடி வைத்தாள்.

பிறகு காலால் நாற்காலியை என் பக்கம் தள்ளினாள்.

"உக்காரு" என்றாள். "ஏறினது எங்கே?"

"பஸ் ஸ்டாண்ட்."

"முதல் நிறுத்தம்?"

"திமிங்கிலம்."

"அடுத்தது?"

சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னேன். நாலாவது நிறுத்தத்தில் தப்பு விட்டேன்.

"மொதல்ல இருந்து சொல்லு" என்றாள் அண்ணி.